நாலாவது அழைப்பு

செபு
12 மார்ச் 2017, ஞாயிறு

ஆர்னெலுக்கு,

படகுத்துறையில் சண்டை போட்டு, கடைசியில் பேசாமலே பிரிந்தோம். படகு கிளம்பிய பிறகாவது கையைத் தூக்குவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பியாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு கயிறு சுற்றுவது போல முதுகைக் காட்டி நின்றாய். தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் கயிறு சுற்றுவதில்லை. பரவாயில்லை.

நீ போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. "புள்ள உன் மொகத்தப் பாக்கணும், உன் குரலக் கேக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு ஹாங்காங் போ, நிலாவுக்கு வேணாலும் போ" என்று துறையில் எல்லோர் முன்னாலும் கத்தினாய். வழி பண்ணிவிட்டேன். பார்சலைப் பிரித்துப் பார்.

பெரிய கடையில் தள்ளுபடி விலைக்குப் போட்டிருந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு பெசோவுக்குத் தொடுதிரை போன், உள்ளேயே கிளி கம்பெனி சிம். பக்கத்து மேசையில் இதே போன் இரண்டு மடங்கு விலை. ஏன் என்று அந்தக் கடைப் பெண்ணிடம் கேட்டேன். "இது கம்பெனி குடுக்குற சலுகைதான்க்கா, யோசிக்காதீங்க, தீந்துரும்" என்றாள். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். யோசிக்காமல் வாங்கினேன்.

திறந்ததும் என் முகம் தெரியும். கடைப் பெண்ணே எடுத்து முகப்பில் வைத்துக் கொடுத்தாள். பியாங்கிடம் காட்டு.

வெளிநாட்டு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் இந்த ஏஜென்சி விடுதியில் இருபத்து மூன்று பெண்கள் இருக்கிறோம். படுக்கை விரிப்பை மடிக்கக் கூடப் பயிற்சி தருகிறார்கள். அதெல்லாம் போகட்டும். மூன்று வயது முடிந்துவிட்டது, பிள்ளை ஏதாவது ஒரு சொல் சொன்னாளா? அதை மட்டும் எழுது. உண்மையை எழுது. போன வருடக் காய்ச்சல் மாதிரி வேண்டாம்.

ஜினாலின்

*

டினாகுவன் தீவு
25 மார்ச் 2017

ஜினாலினுக்கு,

உன் போன் நல்ல டார்ச்.

நம் தீவில் மணி கம்பெனியின் கோபுரம் மட்டும்தான் இருக்கிறது என்பது உனக்கு மறந்துவிட்டதா? இங்கே பிறந்து வளர்ந்தவள் நீ. மூன்று மாதம் நகரத்துத் தண்ணீர் குடித்ததும் எந்தக் கோபுரம் எங்கே நிற்கிறது என்பதே மறந்துபோயிற்று. உன் கிளி இங்கே கத்தாது. சரி என்று சர்ச் வாத்தியாரிடம் மணி சிம் ஒன்று வாங்கிப் போட்டேன். ஏதோ பூட்டு இருக்கிறதாம், ரகசிய எண் கேட்கிறது. வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கம்பெனி பூட்டுன போன்டா. அவன் சிம்மத் தவிர வேற எதையும் ஏத்துக்காது. அதான் பாதி வெல."

பவளத்திட்டுக்கு அப்பால் நடுக்கடலில் கிளிக்கு ஒரு கோடு சிக்னல் வருமென்று சொன்னார்கள். புதன்கிழமை படகை எடுத்துக்கொண்டு போனேன். பியாங்கையும் கூட்டிப்போனேன். அலை பக்கவாட்டில் அடித்தது. ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் போன், மடியில் பிள்ளை. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் மணி அடித்து அடித்து நின்றது. நீ எடுக்கவில்லை.

நாலாவது தடவை அடிக்க மாட்டேன். என்னைக்கும் அடிக்க மாட்டேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னதை இழுத்தாய். அது பொய்தான். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, சொல்லியனுப்பினேன். அதற்காக ஒரு வருடமாகக் குத்திக்கொண்டே இருப்பாயா?

பியாங் நலம்.

ஆர்னெல்

*

செபு
9 ஏப்ரல் 2017, ஞாயிறு

ஆர்னெலுக்கு,

நீச்சல் தெரியாத பிள்ளையைத் திட்டுக்கு அப்பால் கூட்டிப்போனாயா? உன்னையும், போன் வாங்கிக் கொடுத்த என்னையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ஏன் எடுக்கவில்லை என்று கேட்காமலே சபதம் போட்டுவிட்டாய். திங்கள் முதல் சனி வரை எங்கள் போன்களை ஏஜென்சி மேடம் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். "மொதலாளி வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பழகிக்கங்க" என்பாள். ஞாயிறு காலையில் தருவாள், மாலை ஐந்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்வாள். நீ அடித்தது புதன்கிழமை. அலமாரிக்குள் அடித்த மணியை நான் எப்படி எடுப்பேன்?

கோபுர விஷயம் என் தப்பு. நகரத்தில் எந்த சிம்மைப் போட்டாலும் எல்லாம் எடுக்கிறது, அதனால் தோன்றவே இல்லை. கடையில் போய்ச் சண்டை போட்டேன். ஆறு மாதம் கிளி சிம்மில் காசு போட்டுப் பேசியிருந்தால் கம்பெனியே பூட்டைத் திறந்து தருமாம். பேசவே முடியாத தீவில் ஆறு மாதம் பேசிக் காட்ட வேண்டும், எப்படி இருக்கிறது பார்! ஆனால் சந்தைத் தெருவில் பூட்டுத் திறக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடிதம் கொண்டுவரும் பெர்டிங் அண்ணன் படகிலேயே போனைத் திருப்பி அனுப்பு. ஒரே ஞாயிற்றில் திறந்து அனுப்புகிறேன்.

ஹாங்காங்கில் வேலை பார்க்க வீடு கிடைத்துவிட்டது. ஒரு கிழவர், அவர் மகள், இரண்டு நாய். ஜூலை பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பியாங் பேசினாளா? நலம் என்று மாட்டைப் பற்றிக்கூட எழுதலாம்.

ஜினாலின்

*

டினாகுவன் தீவு
13 மே 2017

ஜினாலினுக்கு,

போனை இப்போது அனுப்ப முடியாது. இங்கே வேலையாக இருக்கிறது.

என்ன வேலை என்று எழுத மாட்டேன். பெர்டிங் அண்ணன் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்து, படகில் வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறார். போன தடவை நீ எழுதிய செருப்பு விஷயம் இப்போது ஊருக்கே தெரியும். "ஏன்டா, இன்னும் அடி விழலயா?" என்று கேட்கிறார்கள். அண்ணே, இதையும் சத்தமாகப் படிங்க: நீங்க எனக்கு ஒரு தூண்டில் தரணும்.

கணவாய் நன்றாகப் படுகிறது. கூரையின் மேற்குப் பக்கத்தை மாற்றிவிட்டேன். பியாங் சோளச்சோறு ஒரு கிண்ணம் முழுக்கத் தின்கிறாள்.

நலம் என்று எழுதினால் மாடு என்கிறாய். வேறு எதை எழுதினாலும் காய்ச்சல் என்பாய். அதனால் எழுதவில்லை. பொறு.

ஆர்னெல்

*

செபு
18 ஜூன் 2017, ஞாயிறு

ஆர்னெலுக்கு,

என்ன வேலை? சேவல்கட்டுப் பந்தயமா, சீட்டா? நான் மூன்று வாரம் மதியச் சோற்றை விட்டுச் சேர்த்து வாங்கிய போன் அது. திருப்பி அனுப்பு என்று கெஞ்சுகிறேன். பொறு என்கிறாய். யாரிடம் கற்றாய் இந்தப் பெரிய மனிதத்தனத்தை?

நான் ஒன்று செய்தேன், சொல்லிவிடுகிறேன். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள். வரிசையில் நின்று பார்த்தேன். "மூணு வயசாகியும் ஒரு சொல்லும் இல்லன்னா சும்மா விடக்கூடாதும்மா. புள்ளய இங்க கூட்டிட்டு வந்து ஒரு வருஷமாவது தங்கணும், வாராவாரம் பயிற்சி குடுக்கணும்" என்றாள். செபுவில் ஒரு வருடம் தங்க நம்மிடம் என்ன இருக்கிறது? உன் படகும் உன் வாயும்தான்.

அதனால்தான் போகிறேன். நகைக்கும் நட்டுக்கும் இல்லை. என் பிள்ளை வாய் திறக்க வேண்டும்.

ஒரே ஒரு காரியம் செய். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால், எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, எழுதிவிடு. ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த படகில் வருகிறேன். எழுதவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டு பத்தாம் தேதி கையெழுத்துப் போடுவேன்.

ஜினாலின்

*

டினாகுவன் தீவு
5 ஜூலை 2017

ஜினாலினுக்கு,

போனை அனுப்பியிருக்கிறேன். துணியில் சுற்றியிருப்பது போன். சாக்கில் தைத்திருப்பது அதன் பெட்டி, உள்ளே சார்ஜர்.

பெட்டியைக் கவனமாகத் திற. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் திற.

ஆர்னெல்

*

(பெட்டிக்குள், சார்ஜர் இருக்கும் அட்டைத் தட்டுக்கு அடியில் மடித்து வைத்தது)

5 ஜூலை

ஜினா,

இது பெர்டிங் அண்ணன் கண்ணில் படக்கூடாது என்றுதான் இங்கே வைக்கிறேன். ஏன் என்று கடைசியில் புரியும்.

எதையும் செய்வதற்கு முன்னால் போனைச் சார்ஜ் போட்டு, படங்கள் இருக்கும் இடத்தைத் திற. நாற்பத்தொரு வீடியோ இருக்கிறது. வரிசையாகப் பார். முதலில் இருப்பது ஏப்ரல் பதினேழு சாயங்காலம் எடுத்தது.

அன்றைக்கு மத்தியானம் வலை பின்னிக்கொண்டிருந்தேன். போனைக் காடிப் பாட்டில் மேல் சாய்த்து வைத்திருந்தேன், உன் முகம் தெரியும்படி. உள்ளே யாரோ பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பியாங் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கிண்ணத்திலிருந்து சோளச்சோற்றை எடுத்து உன் படத்தின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "தின்னு" என்றாள். "அம்மா தின்னு." ஜினா, நான் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். திரை முழுக்கச் சோறு. உன் மூக்கில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

அதற்குப் பிறகு போனில் சார்ஜ் இருக்கும் நாளெல்லாம். உன் படத்தைக் காட்டிவிட்டு வீடியோவைத் திறந்து கையில் கொடுப்பேன். அன்றைக்கு நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லுவாள். முடித்ததும் "முடிஞ்சுது" என்று சொல்லிச் சிவப்புப் பட்டனை அவளே அழுத்துவாள். பானையில் சோறு தீர்ந்தால் நான் அப்படித்தானே சொல்வேன், அங்கிருந்து பிடித்துக்கொண்டாள்.

ஆனால் போனிடம் மட்டும்தான் பேசுகிறாள். என்னிடம் பேச மாட்டாள். மற்றவர்கள் வந்தால் சிப்பி மாதிரி வாயை மூடிக்கொள்கிறாள். ஊர்த் தலைவர் சம்சாரத்திடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பொண்டாட்டிய வரவழைக்க அடுத்த காய்ச்சலா, ஆர்னெல்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதனால்தான் உனக்கும் எழுதவில்லை. என் எழுத்துக்கு இப்போது மதிப்பில்லை, அது என் குற்றம்தான். உன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். போனை அனுப்பிவிட்டால் பிள்ளை பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயந்துதான் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

பார்த்துவிட்டு முடிவு செய். பார்த்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் போ. இந்தத் தடவை கையைத் தூக்குவேன்.

உன் ஆர்னெல்

*

செபு
10 ஜூலை 2017, திங்கள்

ஆர்னெலுக்கு,

திறந்தாயிற்று! இந்தப் போனில் இப்போது எந்த சிம்மும் போடலாம். மணி சிம் ஒன்று நானே வாங்கிப் போட்டு அனுப்புகிறேன். நம் இரண்டு பேர் முகமும் கொஞ்சம் மலரட்டும் என்று நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பார்சலைத் துறைச் சோற்றுக்கடையில் வாங்கினேன். கையில் இருந்தது மூன்று மணி நேரம். சாக்கைப் பிரிக்க நேரமில்லை, பெட்டியைச் சோற்றுக்கடை அக்காவிடமே விட்டுவிட்டுப் போனை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தைத் தெருவுக்கு ஓடினேன். போன் செத்துக் கிடந்தது. கடைக்காரப் பையன் தன் ஒயரைச் சொருகிவிட்டு, "அக்கா, இதுக்கு நம்பர் போட்டுத் தொறக்க முடியாது. உள்ள இருக்குற எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா ஏத்தணும். முக்கியமா எதாச்சும் இருக்கா?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். "என்ன இருக்கப்போகுது? எங்க வீட்டுக்காரர் புடிச்ச கணவா படம் நாலு இருக்கும். தொடச்சிருப்பா" என்றேன்.

அரை மணி நேரத்தில் கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. ஐந்து மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில் என் படத்தை மறுபடி வைக்க விட்டுப்போயிற்று. சாக்கைப் பிரித்துச் சார்ஜரை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும், என் காகிதங்கள் வைக்க உதவும். கவனமாகத் திற என்றாய், ஓரம் கூட மடங்காமல் திறந்தேன்.

காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தில் பியாங்கைப் பற்றி ஒரு எழுத்துக் கூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு வழி பிறந்தது என்று நினைத்துக்கொண்டு போட்டேன். ஆகஸ்ட் மூன்று, வியாழக்கிழமை விமானம்.

ஞாயிற்றுக்கிழமை அடி. சபதத்தையெல்லாம் கடலில் போடு.

ஜினாலின்

*

செபு
16 ஜூலை 2017, ஞாயிறு

ஆர்னெல்,

இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்க அட்டைத் தட்டைத் தூக்கினேன்.

நாலு தடவை படித்தேன். பிறகு ஓடினேன். ஞாயிறு என்பதால் சந்தைத் தெருவில் கால் வைக்க இடமில்லை, இடித்துக்கொண்டே ஓடினேன். கடைக்காரப் பையனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நான் கேட்டேனேக்கா, நீங்கதான தொடச்சிருன்னு சொன்னீங்க" என்றான், பாவம், அவன் கண்ணும் கலங்கிவிட்டது. போனது போனதுதானாம். எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாதாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே போட்டு உடைத்தேன். கணவாய் படம் என்று சொல்லிச் சிரித்தேன், ஆர்னெல். சிரித்தேன்.

இனி எழுதப்போவது உனக்கு வலிக்கும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உண்மையா?

விடுதியில் கட்டிலில் உட்கார்ந்து இதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அழிந்துபோன நாற்பத்தொன்றை யார் பார்த்தார்கள்? நீ மட்டும். ஊரில் யாரும் கேட்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். போன வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாய். இருந்த வேலையை விட்டுவிட்டு, படகில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளை மணலில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். நீ என் பையை வாங்கிக்கொண்டு சிரித்தாய். புலி வருது புலி வருது என்று கத்தியவன் நீதானே.

மூக்கில் ஒட்டிய பருக்கையை யாராலும் கற்பனை செய்ய முடியாது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. என் வீட்டுக்காரனால் முடியும் என்று மறு நேரம் தோன்றுகிறது.

உண்மை என்றால் நான் யாருக்காகக் கையெழுத்துப் போட்டேன்?

ஜினா

*

டினாகுவன் தீவு
22 ஜூலை 2017

ஜினாலினுக்கு,

காய்ச்சல் பொய். இது பொய் இல்லை. இதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. முதலில் கோபம் வந்தது. துடைக்கச் சொன்னவளே கேள்வியும் கேட்கிறாளே என்று. பிறகு யோசித்தால், எழுதிவிடு, எந்தச் சொல்லாக இருந்தாலும் எழுதிவிடு என்று நீ கேட்டாய். "தின்னு" என்று மூன்று எழுத்து. நான் எழுதவில்லை. வீடியோவைக் காட்டி உன்னை வாயடைத்து நிற்க வைக்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருக்கலாம். அந்த ஒப்பந்தத்தில் பாதிக் கையெழுத்து என்னுடையது.

போன் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பியாங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பட்டனை அழுத்தினாள். உன் முகம் இருந்த இடத்தில் ஏதோ மலை, ஏதோ ஏரி. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். காடிப் பாட்டிலுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள். அப்புறம் போனைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஒன்பது நாளாகப் பேச்சு இல்லை. ஒரு சொல் இல்லை.

வேலைக்கு விண்ணப்பம் போட நீ எடுத்த சின்னப் போட்டோக்களில் ஒன்று பைபிளுக்குள் மிச்சம் இருந்தது. அதைச் சோற்றுப் பசை வைத்துப் போன் நெற்றியில் ஒட்டியிருக்கிறேன். தொட்டுப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

போன ஞாயிறு வீம்பில் அடிக்கவில்லை. நாளைக்கும் வேண்டாம், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரட்டும். அடுத்த ஞாயிறு, முப்பதாம் தேதி, மூன்று மணிக்கு நான் அடிக்கிறேன். ஆம், நாலாவது தடவை. அவள் பேசுவாளா என்று தெரியாது. பேசவில்லை என்றால் நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஆர்னெல்

*

செபு
31 ஜூலை 2017, திங்கள்

என் ஆர்னெல்,

பெர்டிங் அண்ணே, இதைத் தாராளமாகச் சத்தமாகப் படியுங்கள். ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் நின்று படியுங்கள்.

நேற்று இரண்டரைக்கே மாடிக்குப் போய்விட்டேன். துணி காயப்போடும் இடத்தில்தான் சிக்னல் நிற்கும். கூட இருக்கும் பெண்கள் ஆறு பேர் பின்னாலேயே வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று அடித்து நாலு நிமிடம். நீ அடிக்க மாட்டாய் என்று நினைத்தேன், மன்னித்துவிடு.

படம் வரவில்லை, குரல் மட்டும்தான். நீ "பேசுடா தங்கம், அம்மாகிட்டச் சொல்லு" என்பது கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. அலைச் சத்தம், கோழிச் சத்தம். அவள் மூச்சு மட்டும் மிகப் பக்கத்தில் கேட்டது. வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காய்ந்துகொண்டிருந்த யாருடைய துண்டையோ இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் சொன்னாள்.

"அம்மா. இன்னிக்கி அப்பா ரெண்டு கணவா புடிச்சாரு. ஒண்ண பூன தின்னுச்சு. அப்பா பூனயத் திட்டுனாரு. பூன ஓடல. நீ சின்னதா ஆயிட்ட. முடிஞ்சுது."

அவ்வளவும் ஒரே மூச்சில். ஆர்னெல், பிள்ளைக்கு உன் குரல்தான், கொஞ்சம் கரகரப்பு. எத்தனை சொல் என்று இரவெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். கூட இருந்த பெண்களில் ஒருத்திக்கும் என் பிள்ளையைத் தெரியாது, ஆறு பேரும் அழுதார்கள்.

நான் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை. "பியாங்! அம்மாடா!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் கப்பென்று அடங்கியது. பிறகு, "அப்பா! இது பேசுது!" என்று அலறினாள். பாவம், நாற்பத்தொரு தடவை பேசியும் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாத போன். "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டாள். நான் திருப்பி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பயத்தில் அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள் என்று நீ செய்தி அனுப்பியபோது மணி ஐந்து. மேடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

உன்னிடம் சந்தேகப்பட்டேன். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ அருகில் இருந்தால் நாலு அடி கொடுத்துவிட்டு அழுதிருப்பேன்.

இன்று காலையில் மேடத்திடம் போய், போகவில்லை, ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுங்கள் என்றேன். "வெளையாட்டா இது? பயிற்சி, விசா, டிக்கெட்டு எல்லாச் செலவும் நீ கட்டணும். அப்புறம் எந்த ஏஜென்சியும் உன்ன வாசப்படி ஏத்தாது" என்றாள். உன் படகை விற்றாலும் பாதி கூடத் தேறாது. பாஸ்போர்ட் அவளிடம் இருக்கிறது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வியாழக்கிழமை போகிறேன். டாக்டரம்மாவுக்கு வேலை இல்லாமல் போன சந்தோஷத்தையும், எதற்காகப் போகிறேனோ அது வீட்டிலேயே நடந்துவிட்ட வயிற்றெரிச்சலையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.

நான் சின்னதாகிவிட்டேன் என்று அவள் சொன்னது அந்த ஒட்டுப் போட்டோவைப் பார்த்துத்தான், தெரியும். இருந்தாலும் ராத்திரி முழுக்கக் குத்தியது. பெரிய படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டு. அந்தப் படத்திடம் பேசட்டும், பிறகு உன்னிடம் பேசட்டும், அப்புறம் பூனையிடம், ஊரிடம். கடைசியாக என்னிடம் வரட்டும், பரவாயில்லை.

போன் திருப்பிப் பேசும் என்று அவளுக்கு மெதுவாகச் சொல்லிக் கொடு. பயந்து சிவப்புப் பட்டனை அழுத்தினால் திட்டாதே. அழுத்தட்டும். முடிஞ்சுது என்று அவள் சொன்னாலும் நீ மறுபடி அடி. ஹாங்காங் வீட்டிலும் போனை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்களா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பூட்டினாலும் அடி. எத்தனையாவது தடவை என்று எண்ணாதே. நான் எடுக்காவிட்டாலும் அடி.

உன் ஜினா